இடுக்கில்லாத கதவு

செப்டம்பர் 12, வெள்ளி

கார் ஷெட்டுக்குக் கதவு போடப்போகிறாராம் இவர்.

இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் கேட்டுக்கொண்டிருந்ததுதான். குரங்குகள் வந்து வைப்பர் ரப்பரைப் பிய்த்துப்போடும். போன வருஷம் ஒரு காட்டெருமை வண்டியை உரசி நின்று பக்கக் கண்ணாடியை உடைத்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான். "ஏற்காட்டு ஈரத்துக்கு வண்டி காத்தாட நிக்கணும் திலகா. அடைச்சு வெச்சா துருப்புடிச்சுரும்." கட்டடக் கான்ட்ராக்டராக இருக்கிற இவரே அப்படிச் சொன்னால், காப்பித்தூள் கடை வைத்திருக்கிற நான் என்ன பேசுவது?

இன்று காலை காப்பி குடிப்பதற்கு முன்னால் தச்சு வேலை செய்யும் சவரிமுத்துவுக்குப் போன் போட்டார். ரெட்டைக் கதவு, மரக் கதவு, சீக்கிரம் வேண்டும் என்றார். துருப்பிடிக்காதா என்று கேட்டேன். "குரங்குத் தொல்லை தாங்கல" என்றார். இந்த வாரம் ஒரு குரங்கும் வரவில்லை.

நேற்று சேலத்திலிருந்து வர இருட்டிவிட்டது. மலைப்பாதையில் பனிமூட்டம் என்றார். வந்ததும் குளித்தார், சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார். இன்று சட்டையைத் துவைக்க எடுத்தால் பையில் மல்லிகைப்பூப் பொட்டலம். அடிவாரத்துப் பூக்கடைத் தாள். கொடுக்கவே மறந்திருக்கிறார். பூ நசுங்கிக் கறுத்துப்போயிருந்தது.

வண்டியைச் சுவரைப் பார்க்க நிறுத்தியிருக்கிறார். எப்போதும் ரிவர்ஸில் ஏற்றித்தான் நிறுத்துவார், காலையில் நேராக எடுத்துக்கொண்டு போகலாம் என்று. அதன்மேல் தார்ப்பாய் வேறு. எல்லாம் புதுப் பழக்கம்.

நான் காப்பிக்கொட்டை வாங்குகிறவள். மூட்டையின் மேல்பக்கத்தை நம்பி ஒருநாளும் வாங்கியதில்லை. கையை உள்ளே விட்டு, அடியிலிருந்து ஒரு பிடி எடுத்து, முகர்ந்து பார்த்துதான் விலை பேசுவேன். மனிதர் ஒன்றை மூடப்போகிறார் என்றால் உள்ளே என்ன என்றுதான் எனக்குத் தோன்றும். அது என் குணம்.

செப்டம்பர் 14, ஞாயிறு

சவரிமுத்து அளவெடுக்க வந்தார். ஷெட்டின் வாசல் ரோட்டைப் பார்த்தது, நல்ல அகலம். மடக்குக் கதவா, தள்ளு கதவா, திறப்புக் கதவா என்று கேட்டார். வெளிப்பக்கம் திறக்கிற மாதிரி ரெண்டு கதவு என்றார் இவர். மரம் என்ன போடலாம் என்று பேச்சு வந்தது.

"தேக்குன்னா சேலம் மர டிப்போவுல பாக்கணும்ணே. நல்ல காஞ்ச பலகையா கெடைக்கக் கொஞ்ச நாளாகும். பலாவும் இந்தக் குளிருக்கு நல்லாத்தான் நிக்கும், அதுவும் தேடணும்."

"இப்ப உன்கிட்ட என்ன இருக்கு?"

"சில்வர் ஓக்குதான் கெடக்கு. போன மாசம்தான் அறுத்தது. பச்சை. அது ஆகாதுண்ணே."

"அதையே போடு."

சவரிமுத்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பச்சை மரத்தில் நிலை வைக்காதீர்கள், ஒரு மழைக்கு உப்பும், ஒரு வெயிலுக்குப் பிளக்கும் என்று இவர் எத்தனை வீட்டுக்காரர்களிடம் சொல்லி நான் கேட்டிருக்கிறேன். போன தை மாசம் ஒரு வீட்டில் மரம் காயவில்லை என்று வேலையையே நிறுத்திவைத்தவர்.

பலகைக்கும் பலகைக்கும் நடுவில் கொஞ்சம் இடம் விடணும், மரம் ஈரத்துக்கு விரிய வழி வேண்டும் என்று சவரிமுத்து சொன்னதற்கு இவர், "இடுக்கே இருக்கக் கூடாது. நெருக்கி அடி" என்றார்.

குரங்குக்கு இடுக்கு வழியாக என்ன வேலை?

செப்டம்பர் 15, திங்கள்

கடையில் கொட்டை பொறுக்க வெண்ணிலா வரவில்லை. மத்தியானம்தான் விஷயம் தெரிந்தது. வியாழக்கிழமை சாயங்காலம் அவள் புருஷன் சேட்டுவை மலைப்பாதையில் ஏதோ வண்டி அடித்துவிட்டுப் போய்விட்டதாம். வெகுநேரம் கழித்து ஒரு லாரிக்காரர்தான் பார்த்துத் தூக்கிப்போயிருக்கிறார். சேலம் பெரிய ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். காலில் நல்ல அடி.

பாவம். சின்ன வயசு.

புதுக்கொட்டை ஒரு ஈடு வறுத்தேன். கொஞ்சம் கருகிவிட்டது.

செப்டம்பர் 16, செவ்வாய்

இவர் இன்று பஸ்ஸில் சேலம் போனார். வண்டிக்கு கிளட்ச் சரியில்லையாம். கிளட்ச் போனால் மெக்கானிக் அல்லவா வரவேண்டும், ஆசாரி எதற்கு வருகிறார்?

செப்டம்பர் 20, சனி

கதவு நின்றுவிட்டது. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. பெரிய பெரிய பலகை, பின்னால் குறுக்குச் சட்டம், மூன்று நீளக் கீல் ஒவ்வொரு பக்கமும். இரண்டு கதவும் சேருகிற இடத்தில் ஒரு கம்பி நுழையாது. புது மரத்தின் வாசனை ரோடு வரை அடிக்கிறது. போகிறவர்கள் நின்று பார்க்கிறார்கள்.

பூட்டும் புதுசு. அதற்கு இரண்டு சாவி. இரண்டும் இவரிடம்.

"ஒண்ண எங்கிட்டக் குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"அங்கதான் மண்வெட்டி, பழைய சாக்கு எல்லாம் கெடக்கு."

"என்ன வேணும்னு சொல்லு, எடுத்துத் தர்றேன்."

சாயங்காலம் மண்வெட்டி, சாக்கு, கொசுவலைக் கம்பி எல்லாம் வெளியே வந்து சமையலறைப் பின்பக்கம் கிடந்தன.

செப்டம்பர் 24, புதன்

கதவுக்கு லின்சீட் ஆயில் அடித்தேன். சவரிமுத்து சொல்லிக்கொடுத்தபடி, பழைய பனியன் துணியில் தோய்த்து, மரத்தின் ரேகை போகிற பக்கமாகவே தேய்க்க வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகு உப்புத்தாளால் லேசாகத் தடவிவிட்டு இன்னொரு பூச்சு. கடைசியில் வார்னிஷ். மேல் விளிம்பும் அடி விளிம்பும்தான் முக்கியம், தண்ணீர் அங்கேதான் ஏறும் என்றார்.

"உள்பக்கமும் அடிக்கணும்க்கா. ஒரு பக்கம் மட்டும் அடிச்சா மறுபக்கம் ஈரத்தக் குடிச்சுக் கதவு முறுக்கிக்கும்."

உள்பக்கம் வேண்டாம் என்று இவர் சொல்லிவிட்டார். கதவைத் திறக்கவே இல்லை. பூட்டியபடியே வெளிப்பக்கம் மட்டும் அடித்தேன்.

ஒன்று எழுதிவைக்கிறேன். சேலம் அஸ்தம்பட்டியில் தேன்மொழி என்று ஒரு அம்மாவுக்கு இவர் சமையலறை மாற்றிக் கட்டிக்கொடுக்கிறார். தனியாக இருக்கிறவள். ஆனி மாசத்திலிருந்து அந்த வேலை முடிந்தபாடில்லை. ஒரு சமையலறை எத்தனை நாள் ஆகும்? வண்டிக்குள் அவள் பொருள் ஏதாவது கிடக்கிறதோ, அதைத்தான் மறைக்கிறாரோ என்று நினைக்கிறேன். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு என்ன இருக்கப்போகிறது?

செப்டம்பர் 27, சனி

தேன்மொழிக்குப் போன் செய்தேன். காப்பித்தூள் அனுப்பட்டுமா என்று ஆரம்பித்தேன்.

"உங்க வீட்டுக்காரரை மொதல்ல அனுப்புங்க. பத்து பதினஞ்சு நாளா ஆளையே காணோம். ஸ்லாப்பப் பாதியில விட்டுட்டுப் போனவருதான். போனும் எடுக்க மாட்டேங்கறாரு" என்று சத்தம் போட்டாள். குரலில் கோபத்தைத் தவிர ஒன்றுமில்லை. நான் எத்தனையோ பேரிடம் கொட்டை வாங்கியிருக்கிறேன், பொய்க் குரல் எனக்குத் தெரியும்.

ஆனால் அவள் கெட்டிக்காரியாகவும் இருக்கலாம்.

இவர் இன்றும் காலை பஸ்ஸில் போய் சாயங்காலம்தான் வந்தார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "டைல்ஸ் ஒட்டிட்டிருக்கோம்" என்றார்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

கடையில் அரைவை மிஷின், தராசு, வறுக்கிற டிரம் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துப் பூஜை போட்டோம். வீட்டில் இவருடைய கொத்துக்கரண்டி, தூக்குக்குண்டு, டேப். பொரி, கடலை, சுண்டல்.

வண்டிக்கென்று ஒரு பெரிய சாமந்தி மாலை வாங்கிவந்திருந்தேன். எலுமிச்சம்பழமும். வருஷா வருஷம் அவரே விடியற்காலையில் வண்டியைக் கழுவித் துடைத்து வாசலில் நிறுத்துவார். இந்தத் தெருவிலேயே முதல் பூஜை எங்கள் வண்டிக்குத்தான்.

"வண்டிய எடுங்க" என்றேன்.

"கிளட்ச் இல்லாம எப்படி எடுக்கறது?"

"உள்ளயே வெச்சுப் போட்டுரலாம். கதவத் தெறங்க."

கொஞ்ச நேரம் மாலையையே பார்த்துக்கொண்டு நின்றார். "கதவுக்குப் போடு. அதுவும் புதுசுதானே" என்றார்.

போட்டேன். இரண்டு கதவுக்கும் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தேன். தாழ்ப்பாளில் மாலையை மாட்டினேன். கற்பூரம் காட்டும்போது இவர் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். திறக்க வெகுநேரம் ஆயிற்று.

அக்டோபர் 4, சனி

வெண்ணிலா வேலைக்கு வந்தாள். மாமியாரை ஆஸ்பத்திரியில் உட்கார வைத்துவிட்டு வந்திருக்கிறாள். ஆளே பாதியாகிவிட்டாள். சேட்டுவின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்களாம். கொட்டையைப் பொறுக்கிக்கொண்டே, முறத்திலிருந்து நிமிராமல் சொன்னாள்.

பெட்ரோல் தீர்ந்துபோய் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறியிருக்கிறான். பின்னால் வந்த கார் அடித்திருக்கிறது. சாம்பல் நிறக் கார் என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறதாம். நம்பர் பார்க்கவில்லை. வழியில் ஒரு கடைக் கேமராவில் பனிதான் தெரிகிறதாம். சேலத்து ஒர்க்‌ஷாப் எல்லாவற்றிலும் போலீஸ் விசாரித்துவிட்டது.

"வண்டி கெடைச்சாத்தான் இன்சூரன்ஸ் வரும்னு வக்கீல் சொல்றாருக்கா. இல்லன்னா பேருக்கு ஏதோ குடுப்பாங்களாம். அதுல கட்டைக்கால்கூட வாங்க முடியாது."

ஊரில் சாம்பல் நிறக் கார் எத்தனையோ இருக்கிறது. டாக்டர் வீட்டில் ஒன்று, எஸ்டேட் மேனேஜர் ஒன்று வைத்திருக்கிறார். எங்களுடையதும் கொஞ்சம் அந்த நிறம்தான், வெயிலில் பார்த்தால் நீலம் மாதிரி இருக்கும்.

போகும்போது வெண்ணிலா கேட்டாள். "அக்கா, அண்ணன் தெனமும் அந்த வழியாத்தானே வர்றாரு. அன்னைக்கு ஏதாச்சும் வண்டி வேகமாப் போனதப் பாத்தாரான்னு கேட்டுச் சொல்றீங்களா?"

"கேக்கறேன்" என்றேன்.

"உங்க வீட்லயும் யாரையாச்சும் ஆஸ்பத்திரியில சேத்திருக்கீங்களா? அண்ணன ரெண்டு மூணு தடவ அங்க பாத்தேன். வார்டு வாசல்ல நின்னுட்டு இருந்தாரு. கூப்டேன், காதுல விழல போல."

தெரிந்தவர் யாரோ இருக்கிறார் என்று சொல்லிவைத்தேன். தேன்மொழிக்குத்தான் உடம்புக்கு ஏதோவாக இருக்கும்.

ராத்திரி சாப்பாட்டில் இவரிடம் கேட்டேன். அன்று வழியில் ஏதாவது பார்த்தீர்களா என்று மட்டும்.

"நான் அன்னைக்குக் குப்பனூர் வழியா வந்தேன்" என்றார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

குப்பனூர் வழி மலைக்கு ஏறுகிற இன்னொரு பாதை. அங்கேயும் மல்லிகைப்பூ கிடைக்கும். கிடைக்காது என்று யார் சொன்னது?

அக்டோபர் 11, சனி

நான்கு நாளாக விடாத மழை. துணி காயவில்லை. கடையில் சர்க்கரை கட்டிதட்டிவிட்டது. 

அக்டோபர் 13, திங்கள்

காலையில் இவர் ஷெட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பூட்டைத் திறந்துவிட்டார், கதவு அசையவில்லை. பலகைகள் உப்பி இரண்டு கதவும் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டு நிற்கின்றன. காலை வைத்து இழுத்தார், கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். விளிம்பில் மரம் சிம்பு சிம்பாகப் பெயர்ந்ததுதான் மிச்சம்.

"எதுக்குத் தெறக்கறீங்க?"

"தர்மபுரியில ஒரு மெக்கானிக் இருக்கான். கிளட்ச் பாக்க."

"கிளட்ச் இல்லாம தர்மபுரி வரைக்கும் எப்படி ஓட்டுவீங்க?"

கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டு, பூட்டை மறுபடி மாட்டிவிட்டுப் போய்விட்டார். தோளெல்லாம் நனைந்திருந்தது. சவரிமுத்துவைக் கூப்பிட்டு இழைக்கச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், மழை விட்டால் தானாகச் சுருங்கும் என்றார்.

அக்டோபர் 16, வியாழன்

சுருங்கவில்லை. முறுக்கிக்கொண்டது. எண்ணெய் காணாத உள்பக்கம் ஈரத்தைக் குடித்து, இடதுபக்கக் கதவின் கீழ்மூலை ஒரு சாண் வெளியே வந்து நிற்கிறது.

இவர் பஸ் ஏறிய பிறகு டார்ச் எடுத்துக்கொண்டு போய்க் குனிந்து பார்த்தேன். தார்ப்பாய் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. வண்டியின் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. பம்பர், விளக்கு, நம்பர் பிளேட் எல்லாம் அப்படியே இருக்கின்றன. ஒரு கீறல் இல்லை.

பின்பக்கம் நன்றாக இருக்கிறது. அதை எழுதிவைக்கிறேன்.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

ஓசூரில் வேலை பார்க்கும் எங்கள் பையனுக்கு லீவு கிடைக்கவில்லை. அதுவும் நல்லதற்குத்தான். அதிரசம் உதிர்ந்துவிட்டது, முறுக்கு பரவாயில்லை.

சேட்டுவை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பலகாரம் எடுத்துக்கொண்டு போனேன். ஒற்றை அறை வீடு. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். போர்வை ஒரு பக்கம் மட்டும் மேடாக இருந்தது.

"உக்காருங்கக்கா" என்றான். பேச ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தான். வெண்ணிலா காப்பி வைக்கப் போனாள்.

"அவன் நிக்காமப் போயிட்டான்னு எல்லாரும் சொல்றாங்க. அப்படி இல்லக்கா. நின்னான். கொஞ்சம் மேல போய் வண்டிய நிறுத்துனான். கதவு தெறக்கற சத்தம் கேட்டுச்சு. எறங்கி வந்து எம்பக்கத்துல நின்னான். என்னால தலையத் தூக்க முடியல, செருப்பு மட்டும்தான் தெரிஞ்சுச்சு. வந்துட்டாங்கடான்னு நெனச்சேன். தண்ணி கேட்டேன்."

"குடுத்தானா?"

"திரும்பி நடந்தான். எடுத்துட்டு வரப்போறான்னு பாத்தேன். வண்டி கெளம்புற சத்தம் கேட்டுச்சு." போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டான். "அடிச்சதுகூடப் பரவால்லக்கா. பனி, தெரியாம நடந்திருக்கும். எறங்கி வந்து பாத்துட்டுப் போனான் பாருங்க, அதுதான் தூங்க விட மாட்டேங்குது."

வெண்ணிலா காப்பி கொண்டுவந்தாள். என் கடைத் தூள்தான். குடித்து முடித்தேன்.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் இவருடைய செருப்பு கிடந்தது.

இன்று இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

அக்டோபர் 22, புதன்

மழை விட்டிருந்தது. இவர் காலை பஸ்ஸில் போனதும் சவரிமுத்துவுக்குப் போன் போட்டு, கதவை இழைக்க வேண்டும், இப்போதே வாருங்கள் என்றேன்.

வந்து பூட்டைப் பார்த்தார். "சாவி?"

"இல்ல. கீலக் கழட்டுங்க."

"அண்ணன் வந்துரட்டுமேக்கா."

"அண்ணன் வந்தா நடக்காது. கழட்டுங்க சவரிமுத்து."

கீலின் ஸ்க்ரூ எல்லாம் வெளிப்பக்கம்தான் இருக்கிறது. தாழ்ப்பாளின் ஸ்க்ரூவும் அப்படித்தான். இத்தனை நாளும் அவை என் கண்முன்னால்தான் இருந்தன. நான்தான் அவற்றின்மேல் எண்ணெய் தடவினேன்.

இடதுபக்கக் கதவைச் சவரிமுத்து கடப்பாரையால் நெம்பிப் பெயர்த்தார். அடுத்த பக்கம் தானாகத் தளர்ந்துவிட்டது. இரண்டையும் கழற்றிச் சுவரில் சாய்த்தோம். நான் வண்டிக்கும் சுவருக்கும் நடுவில் ஒருக்களித்து நுழைந்து முன்பக்கம் போனேன். சவரிமுத்து பின்னாலேயே வந்தார்.

இடதுபக்க விளக்கு இல்லை. அந்த மூலை முழுவதும் உள்ளே போயிருந்தது. பானெட்டின் விளிம்பில் ஒரு நீலப் பிளாஸ்டிக் துண்டு செருகிக்கொண்டு நின்றது. வேறு ஏதோ வண்டியின் மட்கார்டு. யாரோ துணியால் துடைத்திருக்கிறார்கள்; இடுக்குகளில் துடைக்க வரவில்லை.

சவரிமுத்து ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். பிறகு மெதுவாக, "மறுபடி மாட்டிட்டுப் போயிரட்டாக்கா? நான் ஒண்ணும் பாக்கல" என்றார்.

"வேண்டாம். அப்படியே இருக்கட்டும்."

இழைப்புளியைப் பையிலிருந்து எடுக்காமலே போய்விட்டார்.

சாயங்காலம் இவர் வந்தார். ரோட்டிலிருந்தே பார்த்துவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வந்து ஷெட் வாசலில் கிடந்த கல்லின்மேல் உட்கார்ந்தார். நான் படியிலேயே இருந்தேன்.

"யாரு கழட்டுனது?"

"நான்தான் கழட்டச் சொன்னேன்."

"எல்லாருக்கும் தெரியற மாதிரி..."

"தண்ணி கேட்டானாமே."

தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அவனுக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறது என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. முகம் அதைச் சொன்னது.

"கேட்டான்" என்றார். "வண்டியில பாட்டில் இருந்துச்சு. எடுக்கத்தான் போனேன் திலகா. சீட்ல உக்காந்ததும் கை சாவியத் திருப்பிருச்சு. நின்னா அடிச்சே கொன்னுருப்பாங்கன்னு ஒரு பயம். மேல போய் யார்கிட்டயாவது சொல்லி அனுப்பலாம்னு நெனச்சேன். ஒவ்வொரு வளைவுலயும் நெனச்சேன். அதுக்குள்ள வீடு வந்துருச்சு."

"ஆஸ்பத்திரிக்கு எதுக்குப் போனீங்க?"

"உசுரோட இருக்கானான்னு பாக்க."

"அது மொத நாளே தெரிஞ்சிருக்கும். அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப?"

கல்லிலிருந்து எழுந்து, "மொதல்ல கதவ மாட்டலாம். அப்புறம் பேசலாம். நாளைக்கு அந்தப் பொண்ணு இந்த வழியாத்தானே உன் கடைக்கு வரும்?" என்றார்.

"ஆமா. அதுக்கு முன்னாடி நீங்களே ஸ்டேஷனுக்குப் போயிருங்க."

"என்னப் புடிச்சு உள்ள வெச்சா உனக்குச் சந்தோஷமா?"

உள்ளே போய் உலை வைத்தேன். இரண்டு பேருக்குத்தான் வைத்தேன், பழக்கத்தில். யாரும் சாப்பிடவில்லை.

அக்டோபர் 23, வியாழன்

காலையில் எழுந்தபோது ஷெட் பக்கம் சத்தம் கேட்டது. இவர் தனியாகக் கதவை மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தார். ஈரம் குடித்த மரம், இரண்டு ஆள் பாரம். ஒரு முனையைத் தூக்கினால் மறுமுனை தரையில் இழுபடுகிறது. நிமிர்த்தினால் சாய்கிறது.

"ஒரு பக்கம் புடி" என்றார்.

"மாட்டேன்."

"திலகா, இது ஒண்ணுதான் கேக்கறேன்."

நான் படியைவிட்டு இறங்கவில்லை. அவர் மறுபடி தூக்கினார். கதவு அவர் தோளில் சாய்ந்து, அதைத் தாங்கிக்கொண்டு அசையமுடியாமல் நின்றார். விட்டால் அவர்மேலேயே விழும். முன்னால் தள்ளவும் வலு இல்லை. ஐம்பத்தேழு வயசு மனிதர். என் கால் ஒருமுறை இறங்கப்பார்த்தது, இல்லையென்று எழுத மாட்டேன்.

அப்போது வெண்ணிலா ரோட்டில் வந்தாள். பையை எங்கள் வேலியில் மாட்டிவிட்டு ஓடிவந்தாள்.

"தனியா இத்தாம் பெரிய கதவத் தூக்கறீங்களேண்ணா. இடுப்பு போயிரும்." மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். என்னைப் பார்த்து, "அக்கா, நீங்களாச்சும் ஒரு கை குடுக்கலாம்ல" என்றாள்.

நான் படியிலேயே நின்றேன்.

"எங்கண்ணா வெக்கணும்? கீல் பக்கமா?"

இவர் நகரவில்லை. கதவின் அந்த முனையில் அவள், இந்த முனையில் இவர்.

"கனமா இருக்கா?" என்று கேட்டாள் அவள்.

"எறக்கும்மா" என்றார். "எறக்கிரு. அது என் வண்டிதான்."

"எது?"

"சேட்டு மேல மோதுனது."

அவள் கதவை விட்டுவிடவில்லை. கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டே நின்றாள். பிறகு அவர் காலில் விழாதபடி தன் முனையை மெதுவாகத் தரையில் இறக்கினாள். கையிலிருந்த மரத்தூளைச் சேலையில் துடைத்தாள். ஷெட்டுக்குள் போனாள். சுவருக்கும் வண்டிக்கும் நடுவில் நுழைந்து முன்பக்கம் போனது தெரிந்தது.

வெளியே வந்தபோது அந்த நீலத் துண்டு அவள் கையில் இருந்தது. போனை எடுத்துச் சேட்டுவைக் கூப்பிட்டாள். "வண்டி கெடச்சிருச்சு" என்றாள். யாருடையது என்று அவன் கேட்டிருக்க வேண்டும். அதற்கு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள். "வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள்.

இவர் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்து போனார். கூட வரட்டுமா என்று நான் கேட்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை.

அக்டோபர் 25, சனி

லாரி வைத்து வண்டியை ஏற்றிப்போனார்கள். தெருவே நின்று பார்த்தது. சவரிமுத்துவிடம் வாக்குமூலம் வாங்கினார்கள், என்னிடமும். எப்போது தெரியும் என்று கேட்டார்கள். கதவைக் கழற்றிய அன்றைக்கு என்று சொன்னேன். எழுதிக்கொண்டார்கள்.

நவம்பர் 3, திங்கள்

இவர் ஜாமீனில் வந்துவிட்டார். முன்னறையில் உட்கார்ந்திருக்கிறார். டிவி போடுவதில்லை. வக்கீல் சொன்னதைச் சொன்னார்: வண்டிக்கு இன்சூரன்ஸ் உயிரோடு இருக்கிறது, சேட்டுவுக்கு நல்லபடியாகக் கிடைக்கும், வழக்கு நடக்கும், தண்டனையும் இருக்கும். "இருக்கட்டும்" என்றார் அவரே. ரசம் மட்டும் ஊற்றிச் சாப்பிட்டார். நான் பரிமாறினேன்.

நவம்பர் 8, சனி

வெண்ணிலா கடைக்கு வந்தாள். அன்றைக்குப் பிறகு இன்றுதான்.

வாடிக்கையாளர் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் போகும்வரை ஓரமாக நின்றாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. சேட்டு எப்படி இருக்கிறான் என்று கேட்டேன். கட்டைக்காலுக்கு அளவெடுத்திருக்கிறார்கள் என்றாள்.

"உங்களுக்கு எப்பக்கா தெரியும்?"

"கதவக் கழட்டுன அன்னைக்குத்தான்" என்றேன். போலீஸில் சொன்னதேதான். தடுமாறாமல் வந்தது.

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கோபமில்லை. கொட்டையைப் பொறுக்கும்போது பார்ப்பாளே, அந்தப் பார்வை.

"முன்னாடியே தெரியாமயா கதவக் கழட்டச் சொன்னீங்க?"

அரைவை மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினேன்.

ஆணியில் மாட்டியிருந்த அவளுடைய பழைய சேலை, ஒரு தட்டு, டம்ளர். மூன்றையும் எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். போய்வருகிறேன் என்று சொல்லவில்லை.

பிறகு நானே முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கறுத்தது, பூச்சி அரித்தது, உடைந்தது என்று தனித்தனியாக ஒதுக்கினேன். சாயங்காலம் வரைக்கும் ஒரு மூட்டைகூட முடியவில்லை.